பச்சைத் தொப்பி போட்ட கெங்

எங்கள் ஆலையில் சூரியத் தகடுக்கான சிலிக்கான் செய்கிறோம். உலகத்தின் புகையைக் குறைக்க வந்த பொருளாம். அதை உருக்கும் உலைக்கு மின்சாரம் வேண்டுமே, அதற்காகப் பின்பக்கம் ஓயாமல் நிலக்கரி எரிகிறது. அந்தக் கரியைப் பதினெட்டு வருஷம் பெல்ட்டில் தள்ளியவர் கெங் ஃபூசாய். உள் மங்கோலியாவின் பனியில் அவர் துப்பினால் மை கொட்டியது போலிருக்கும். பக்கத்திலேயே நின்று தள்ளியவன் நான்.

போன வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, நெஞ்சில் கரித்தூள் என்றார்கள். இலவச வைத்தியம் வேண்டுமென்றால், கரிக்கிடங்கில் வேலை செய்தவர் என்று ஆலை எழுதித் தர வேண்டும். மானேஜர் தாவின் அறை வாசலில் எட்டு மாதம் நின்றார் கெங்.

அப்போதுதான் தகடு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருவதாகத் தகவல் வந்தது. செய்யும்போது எவ்வளவு புகை விட்டீர்கள் என்று கேட்கிறவர்கள். உடனே கரிக்கிடங்குக்கு முன்னால் மதில் எழும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனி என்று எழுதிவிட்டார்கள். தலைமையகத்து விளம்பரக்காரன் எவனோ எங்களுக்கெல்லாம் பச்சை ஹெல்மெட் அனுப்பினான். பசுமை என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது போலும். சீனர்கள் எங்களில் பச்சைத் தொப்பி போட்டவன் என்றால், பெண்டாட்டி வேறொருத்தனோடு பழகுவது தெரியாத ஏமாளி என்று பொருள். ஒருத்தனும் தொடவில்லை.

"தாவ் சார், முதல்ல நீங்க போடுங்க. வீட்டுல அண்ணிகிட்ட கேட்டாச்சா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

தாவ் கெங்கைப் பார்த்தார். "கெங் அண்ணே, நீங்க போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. உங்க காகிதம் நாளைக்கே ரெடி."

கெங் போட்டுக்கொண்டார். கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

"யாருண்ணே அந்த அதிர்ஷ்டசாலி?" என்றேன்.

"சிரிடா. எனக்கு மூச்சு வேணும்."

மறுநாள் காகிதம் வந்தது. பசுமைப் பிரிவு, தோட்டத் தொழிலாளி, பதினெட்டு ஆண்டுகள். சாட்சிக்குப் பூந்தொட்டிப் படம்.

"நான் என்ன செய்யட்டும்? நம்ம கம்பெனியில கரியே இல்லன்னு கையெழுத்துப் போட்டாச்சு. இல்லாத கரியை நீங்க எப்படித் தள்ளியிருப்பீங்க?" என்றார் தாவ்.

நான் சாட்சி சொல்ல கெங்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். நானும் தோட்டக்காரனாம்! எங்கள் ஆலையில் ஒரு புதர்கூடக் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கெங் சொன்னார்: "ஊர்ல சரியாத்தான் சொல்றாங்கடா. பச்சைத் தொப்பி போட்டவன் ஏமாளிதான். என் பொண்டாட்டி ருயின் மேலதான் வீண் பழி."

நான் செய்த கேலியெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச்சில் கெங் செத்துப்போனார். தாவே மலர்வளையம் எடுத்து வந்தார். 'பசுமைப் பிரிவு' என்று அதில் எழுதியிருந்தது. ருயின் அதைக் கையில் வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் படித்தாள்.

"பதினெட்டு வருஷமா தோட்டக்காரரு. உங்க தோட்டத்துலேருந்து எங்க வீட்டுக்கு வர்ற முதல் பூ இதுதாங்க," என்றாள்.