நாற்பத்து நான்காவது விளம்பரத் தட்டு

நாமகிரிப்பேட்டை மண்டியில் மஞ்சளுக்குத் தரம் சொல்லும் மருதாசலத்துக்கு ஒரே ஒரு பித்து, விளம்பர இசைத்தட்டு. அப்போது உரக் கம்பெனிகளும் விதைக் கம்பெனிகளும் கடைக்காரர்களுக்குச் சின்ன இசைத்தட்டுகளை இலவசமாகக் கொடுக்கும். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் விளம்பரம். 1976 தை முதல் 1982 ஆனி வரை நாற்பத்து மூன்று சேர்த்திருந்தார். வெயிலில் சாய்த்து நெளிவு பார்ப்பார். நடுத்துளை தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். பட்டியல் எழுதியது, மண்டியில் கணக்கு எழுதும் நான்.

மூன்று வருடமாக அவர் தேடியது ஒரு பருத்தி விதைக் கம்பெனியின் தட்டு. உரக்கடை பெருமாயி அக்கா வீட்டில் இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆடி 4, செவ்வாய்க்கிழமை காலை போனோம். ரேடியோ செட் வாடகைக்கு விடும் வெங்கடாசலம், அதே தட்டுக்காகப் பிளேயரோடு எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஆளுக்கு ஒண்ணு. கண்ணால பாத்துத்தான் எடுக்கோணும். எடுத்தப்பறம் போட்டுக் கேளுங்க," என்றார் அக்கா.

"தரம் சொல்றவரே மொதல்ல எடுக்கட்டுங்க," என்றார் வெங்கடாசலம்.

ஒரு தட்டு பளபளத்தது. மற்றது சாம்பல் பூத்திருந்தது. மட்டமான மஞ்சளைத்தான் அதிகமாகப் பாலிஷ் போட்டு மினுக்குவார்கள் என்பது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். மருதாசலம் பளபளத்ததை மோந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்!" என்று சிரித்தபடி சாம்பலை எடுத்துக்கொண்டார்.

பிளேயரில் போட்டதும் ஒரே பொரிபொரிப்பு. தூசி அல்ல, முள் ஓடி ஓடித் தேய்ந்த சாம்பல் அது. வெங்கடாசலம் தன்னுடையதைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்துப் போட்டார். பாட்டு கணீரென்று வந்தது.

"ஏனுங்க மஞ்சக்காரரே, உங்க தட்டுல பாட்டா, கடுகு தாளிப்பா?"

மருதாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது. தன் தட்டைத் திருப்பிப் போட்டார். பருத்தி விதைக்காக மாமியாரும் மருமகளும் சண்டை போடும் விளம்பரம். ஒரு கீறல் சத்தம்கூட இல்லை.

"இந்தப் பக்கத்த யாரும் போடவே இல்லீங்களா அக்கா?"

"வெளம்பரத்தப் போயி எவ கேப்பா சாமி?"

"பாட்டு எந்த டீக்கடையிலயும் கேக்கலாமுங்க. இந்தச் சண்டை எங்கீங்க கெடைக்கும்?" என்று மருதாசலம் மறுபடியும் முள்ளை வைத்தார்.

மூன்றாம் தடவை மாமியார் திட்டியபோது வெங்கடாசலமே வாய்விட்டுச் சிரித்தார். "இன்னொருக்கா போடுங்க," என்றார்.