ஜோடியாக மட்டுமே தரப்படும்

உயிருள்ள சரக்க விக்கறவன் வாயத் தொறந்தா பாதி பொய்தான் வரும். அதுலயும் புறாவும் லவ் பேர்ட்ஸும் விக்கற நான் சொன்ன பொய்யெல்லாம் கல்யாணத்தப் பத்தினது. கள்ளக்குறிச்சி மார்க்கெட் பக்கம் கடை. வாசல்ல பலகை: 'ஜோடியாக மட்டுமே தரப்படும்'. பொண்டாட்டி கோச்சிக்கினு போன வூட்டுல தனியா சோறாக்கித் தின்னவங்க யாராவது இருந்தா, உங்களுக்குத்தான் இத சொல்றேன்.

மூணு நாள் துக்கம்

கச்சிராயபாளையத்துலேர்ந்து ஒரு கரும்பு வெவசாயி வந்தாரு. பூனை பொட்டைப் புறாவ அடிச்சிடுச்சாம், ஒத்தப் பொட்டை வேணுமாம். "புறா ஒண்ணோட சேந்தா சாவற வரைக்கும் அதோடதாங்க. வேற ஒண்ண விட்டா தலயக்கூட திருப்பாது"ன்னு வழக்கமா அடிச்சி விடறத அடிச்சி விட்டேன். மனுசன் கேக்கல, கெஞ்சி வாங்கிக்கினு போனாரு.

பத்து நாள் கழிச்சி தீவனம் வாங்க வந்தாரு. "இன்னாங்க, சேந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"மூணாம் நாளே சேந்துக்கிச்சிங்க. எம் பொண்டாட்டி செத்து நாலு வருசமாவுது, நான்தான் இன்னும் தலயத் திருப்பல."

மூக்கு பாக்கறவ

லவ் பேர்ட்ஸ்ல மூக்கு நீலம்னா ஆணு, பழுப்புன்னா பொட்டை. குஞ்சுல எல்லாம் ஒரே மாதிரி மங்கலா இருக்கும். அதயும் பாத்து சொல்றவ எம் பொண்டாட்டி மல்லிகா. ஒரு தபா கூட தப்புனதில்ல. தீவனம் எடுக்கப் போற சின்னசேலத்துல எனக்கு இன்னொருத்தியோட பழக்கம்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சவளும் அவதான். கத்தல, அழல. நைனார்பாளையத்துல அண்ணன் வூட்டுக்குப் போயிட்டா. சின்னசேலத்துப் பழக்கம் அதோட நின்னுபோச்சி, நின்னு இன்னா பிரயோஜனம்?

அப்பறம் நானே மூக்கப் பாத்து வித்தேன். ரிஷிவந்தியத்து வாத்தியாரம்மா ஒருத்தங்க ஆறு மாசம் பொறுத்துப் பாத்துட்டு கூண்டோட வந்தாங்க. ஒரு முட்டை இல்லியாம். பாத்தா ரெண்டு மூக்கும் பளிச்சினு நீலம். மாத்தித் தரேன்னு கைய நீட்டனேன். அவங்க கூண்ட இழுத்து வெச்சிக்கினாங்க.

"வேணாங்க. எங்க வூட்டுல சண்டை போடாத ஜோடி இது ஒண்ணுதான்."

நைனார்பாளையத்துக்கு ஒரு கூண்டு

எட்டு மாசம் ஆச்சி. கடையில பறவைங்க கத்தற கத்தலுக்கு, வூட்டுக்குப் போனா சத்தமே இல்லாம காது அடைக்குது. அவ இல்லாம என்னால முடியல, அவ்ளோதான். இருக்கறதுலயே அழகா ரெண்டு குஞ்சு, ஒண்ணு மஞ்ச, ஒண்ணு பச்ச, புதுக் கூண்டுல போட்டு மடியில வெச்சிக்கினு டவுன் பஸ் ஏறனேன். சொல்ல வேண்டியத வழி பூரா சொல்லிப் பாத்துக்கினே போனேன்.

வாசல்ல அவதான் இருந்தா. எளச்சிப் போயிருந்தா. "நம்மள மாதிரி ஒரு ஜோடின்னு எடுத்தாந்தேன். தப்பு பண்ணிட்டேன் மல்லிகா, வா, போலாம்"னேன். அவ கூண்ட வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி ரெண்டு மூக்கயும் பொறுமையா பாத்தா. அப்பறம் என் கையிலயே திருப்பிக் குடுத்தா.

"ரெண்டுமே பொட்டை. இங்க வரும்போது கூடவா உங்களுக்கு ரெண்டு வேணும்?"

பலகைய அழிச்சிட்டு 'ஒத்தையாகவும் கிடைக்கும்'னு எழுதி வெச்சிருக்கேன். கடை தொறந்த நாள்லேர்ந்து நான் பொய் கலக்காம எழுதுனது அது ஒண்ணுதான்.