அரிசிப் பானையில் பழுத்த சுருட்டு

கியூபா சுருட்டை எத்தனை வருஷம் வைத்திருந்து புகைக்க வேண்டும் என்ற விஷயத்தில் யாரும் என்னிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. போன மாதம் என் கணவரின் நண்பர்கள் இரண்டு பேர், விமான நிலையக் கடையில் வாங்கிய பெட்டி ஒன்றை எங்கள் மேசைமேல் வைத்துக்கொண்டு, கைபேசியைத் தடவித் தடவி ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நான் காபியை வைத்துவிட்டு, "வந்த புதுசுலயே குடிச்சிரணும். இல்லன்னா ரெண்டு வருஷமாவது தொடக்கூடாது. நல்ல சுருட்டுன்னா அஞ்சு வருஷம் கெடக்கணும். நடுவுல எடுத்தா நவச்சார வாடை அடிக்கும்" என்றேன். இருவரும் வாயைப் பிளந்தார்கள். நான் ஆயுசில் ஒரு சுருட்டைப் பிடித்ததில்லை, பிடிக்கும் உத்தேசமும் இல்லை. எல்லாம் தூத்துக்குடியில் சின்ன வயதில் மாமாவிடம் கற்றது.

மாமா என்றால் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான் இருப்பார், விடுமுறைக்கு வந்தால் இரண்டு மாதம் வீட்டில். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீடு என்பதால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். ஒவ்வொரு விடுமுறையிலும் அத்தை மாமாவிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கப்பலை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கக் கூடாதா? ஒரு முறை அவர் ஹவானாவிலிருந்து ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். அத்தை கேட்டதும் அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இது இப்பம் பச்சை. பக்குவம் ஆகணும். ஆன அன்னைக்கு இதப் பத்த வச்சிட்டு வீட்டோட இருந்திருதேன். மாதா சத்தியம்."

என் அப்பா, அம்மா, நான் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அத்தை பெட்டியை வாங்கி, மாதா படத்துக்குக் கீழே இருந்த மரப் பீரோவில் வைத்தாள்.

அடுத்த விடுமுறையில் மாமா பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டை என் மூக்கருகே நீட்டினார். "ஏளா, உனக்குத்தான் நல்ல மூக்கு. என்ன வாடை வருது, சொல்லு" என்றார். மாட்டுத் தொழுவ வாடை என்றேன். அதுதான் நவச்சாரம், இன்னும் போகவில்லை, ஒரு வருஷம் கிடக்கட்டும் என்று மூடிவிட்டார். அதற்கடுத்த முறை புதுச் செருப்பு வாடை. பரவாயில்லை, ஆனாலும் இன்னும் பக்குவம் ஆகவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெட்டி படுக்கையைக் கட்டினார். என் மூக்கை நம்பி ஒரு கப்பல்காரர் முடிவெடுக்கிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் அவர் கிளம்பும்போது அத்தை அழுவதைப் பார்க்கத்தான் சகிக்காது.

அந்த அழுகை ரயிலடியோடு சரி என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுநாளே அத்தை என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் பறப்பாள். மாதா கோயில் பாடற்குழுவில் அவள் குரல்தான் மேலே நிற்கும். அடுப்பு மூட்டச் சோம்பலாக இருந்தால் பொரிச்ச பரோட்டா வாங்கி வந்து, இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து தின்போம். மாமா வந்துவிட்டாலோ ஸ்கூட்டியை அவர்தான் ஓட்டுவார், அத்தை பின்னால் உட்கார்ந்திருப்பாள். மூன்று வேளையும் குசினியில் அடுப்பு எரியும். பாவம், துக்கத்தை மறக்கத்தான் இப்படிச் சுற்றுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் துக்கத்தைத் தீர்க்காமல் விடுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

வழி குசினியிலேயே இருந்தது. அத்தை மாங்காய்களை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள், நாலைந்து நாளில் பழுத்து வாசம் கூரையைத் தூக்கும். மாங்காய்க்குப் பலிப்பது சுருட்டுக்குப் பலிக்காதா? அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம், பெட்டியிலிருந்த சுருட்டு அத்தனையையும் ஒரு துணியில் முடிந்து அரிசிக்குள் ஆழப் புதைத்தேன். என் புத்தியை நானே இன்றைக்கும் மெச்சிக்கொள்கிறேன்.

ஒரு வாரத்தில் சோறு புகையிலையாய் மணக்க ஆரம்பித்தது. அத்தை பானையைத் துழாவி மூட்டையை வெளியே எடுத்தாள். நான் விளக்கம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பழுக்கட்டும், பழுக்கட்டும்" என்று அந்த மூட்டையைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டு, சோற்றுக்கு வேறு அரிசி வாங்கினாள்.

மாமா அந்த வருஷம் வந்தபோது வழக்கத்தைவிடச் சாமான் அதிகம். எப்போதும் கப்பலிலேயே விட்டுவரும் போர்வைகூட இருந்தது. எல்லோரும் பார்க்க நான் மூட்டையை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் காதருகே உருட்டினார். அது அப்பளம்போல நொறுங்கியது. அரிசி அதன் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும், அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

"ஒங்க மருமவ பழுக்க வச்சிருக்கா" என்றாள் அத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாமா இன்னொன்றை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். "நவச்சாரம் சுத்தமா இல்ல மாமா" என்றேன் அடித்துச் சொல்கிற குரலில். அவர் கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து பற்றவைத்தார். காய்ந்த ஓலைபோலச் சடசடவென்று எரிந்தது. இருமிக்கொண்டே பாதிவரை இழுத்தார்.

"ஆயிட்டு" என்றார். "இனி கப்பல் கெடையாது."

அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். எல்லோரும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், நானும் தகுதியானவள்தான் என்று நின்றேன். அத்தையை மட்டும் காணவில்லை. தேடிப் போனபோது குசினியில், பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"ஏளா, மாமா இனி எல்லா நாளும் இங்கனதான் இருப்பாவளா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டதே, சந்தோஷத்தில் நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா அத்தை. எல்லா நாளும்."

"எல்லா நாளுமா?" என்றாள் இன்னும் மெதுவாக.

நான் முன்னைவிடச் சத்தமாக, எல்லா நாளும் என்று சொன்னேன்.