இருபத்திரண்டாவது விருந்தினர்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவள் ‘கேட் அக்கா’; வாசல் கேட்டில் நிற்பவர் மாதிரி, யாரை உள்ளே விடுவது என்பது அவள் கையில். மருத்துவமனைகளுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் அது. ஒரு கட்டடம் என்றால் மின்சாரக்காரர், குழாய்க்காரர், லிப்ட்காரர் என்று வெளியாட்கள் இருபது பேராவது வேண்டும். எல்லாருடைய வேலையும் ஒரே மென்பொருளில் பதிவாகும். அதற்குள் வெளியாளை ‘விருந்தினர்’ என்று சேர்த்து, இவர் பார்க்கலாம், இவர் கருத்து எழுதலாம், இவர் திருத்தலாம் என்று தரம் பிரிப்பதும், வேலை முடிந்ததும் நீக்குவதும் அவள் பொறுப்பு. பேர்தான் விருந்தினர். உட்காரச் சொல்வதற்கு முன்பே எந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும்.

இதில் கோபித்துக்கொள்கிறவர்களுக்குக் குறைவில்லை. சுவருக்கு வண்ணம் சொல்லும் நிபுணர் ஒருவர் வாரம் ஒருமுறை போன் செய்து அவள் தலையைத் தின்பார்.

“பார்க்க மட்டும்னா எப்படிம்மா? நான் என்ன பொருட்காட்சிக்கா வந்திருக்கேன்?”

“கருத்து எழுதலாம் சார். திருத்தத்தான் முடியாது.”

“என் கருத்தை இங்க யார் கேக்கிறா?”

அடுத்த வாரமும் அவள் அதே குரலில், அதே மரியாதையோடு பேசுவாள். பொறுமைசாலி என்று ஊழியர்கள் மெச்சிக்கொண்டார்கள். பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை. ஆறு வருடமாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா செயற்கை மூச்சுக் குழாயோடு கிடந்தாள். இனிப் பயனில்லை என்றார் மருத்துவர். அண்ணன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். அம்மாவின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்க்கச் சகிக்காமல், குழாயை எடுத்துவிடச் சம்மதித்து அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அண்ணன் வந்து சேர்ந்தபோது கட்டிலில் வெள்ளைத் துணி மூடியிருந்தது. “எனக்காக மூணு மணி நேரம் பொறுக்க முடியலையா உன்னால?” என்று கேட்டான். அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் புதிய மருத்துவமனைக்கான விருந்தினர் பட்டியல் வந்தது. குழாய் வரைபடக்காரர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு அனுப்பியது போலவே அவனுக்கும் அழைப்பை அனுப்பினாள். அழைப்பின் அடியில் அனுப்பியவர் பெயர் தானாக வந்துவிடும். அவள் பெயர்தான். ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் மென்பொருளைத் திறந்ததும் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஒன்பது மணி சுமாருக்கு வரும், மதியச் சாப்பாட்டுக்கு அணையும், மறுபடி எரியும். ஒருநாள் வராவிட்டால், காய்ச்சலோ என்னவோ என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கென்று அவன் ஒரு வரி எழுதியதில்லை. ‘மூன்றாம் மாடிக் கழிவுக்குழாய் சரிவு மாற்றப்பட்டது’ என்கிற மாதிரி அவன் எழுதுவதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் படித்தாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த சேதி அது ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை கட்டடம் முடிந்து மருத்துவமனைக்காரர்கள் கைக்குப் போனது. மதியம் பொறியாளர் வந்து மேசையருகே நின்றார்.

“கேட் அக்கா, அஞ்சு மணிக்குள்ள வெளியாளுங்க எல்லாரையும் எடுத்துடுங்க. ஒருத்தர்கூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.”

“குழாய்ப் படம் கொஞ்சம் பாக்கி இருக்கு போல சார். அவரை மட்டும் ஒரு வாரம் வெச்சுக்கலாமா?”

“அதெல்லாம் உதிரி வேலை, நான் பாத்துக்கறேன். ஏன், தெரிஞ்சவரா?”

“இல்ல சார்” என்றாள். சொன்ன பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஒவ்வொருவராக நீக்கினாள். ஒருவரை நீக்கும்போது, அவர் முடிக்காமல் விட்ட வேலைகளை யார் பெயருக்கு மாற்றுவது என்று மென்பொருள் கேட்கும். அவர் தனக்கு மட்டும் குறித்துவைத்த சொந்தக் குறிப்புகளும் சேர்ந்தே போகும். எல்லாவற்றையும் பொறியாளர் பெயருக்குத் தள்ளிவிடுவதுதான் அங்கே வழக்கம். இருபத்தொரு பேருக்கு அப்படியே செய்தாள். வண்ணக்காரர்கூடப் போய்விட்டார்.

கடைசியாக அண்ணன். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. யார் பெயருக்கு என்ற கேள்வி வந்ததும் பொறியாளர் பெயரைத் தொடப் போனவள், தன் பெயரைத் தொட்டாள். ஏதாவது ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. புள்ளி அணைந்தது.

அவள் பட்டியலில் ஐந்து வேலைகள் வந்து விழுந்தன. நான்கு குழாய் வேலைகள். ஐந்தாவது அவன் சொந்தக் குறிப்பு.

‘தங்கச்சிகிட்ட பேசணும்.’

கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ‘அம்மா பேச்சை எடுக்க வேண்டாம். நல்லா இருக்கியான்னு கேட்டாப் போதும்.’

எழுதிய நாள், அவள் அழைப்பு அனுப்பிய அன்றைக்கே. செய்து முடிக்க வேண்டிய நாள், அடுத்து வந்த திங்கள். அந்தத் திங்களன்று அதற்கடுத்த திங்களுக்கு மாற்றியிருந்தான். பிறகு மறுபடி. மாற்றிய நாட்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எண்ணினாள். ஐம்பத்தெட்டு. அந்த வாரத் திங்களை மட்டும் மாற்ற மறந்திருக்கிறான். கெடு தாண்டியதால் அந்தத் தேதி சிவப்பாக நின்றது.

‘செய்ய வேண்டியவர்’ என்ற இடத்தில் இப்போது அவள் பெயர் இருந்தது.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. கைபேசியை எடுத்து அண்ணன் எண்ணைத் தேடினாள். இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்தது. தொட்டாள், எரிந்தது. இரண்டாவது முறையும் அணைந்தது.

“முடிஞ்சுதா அக்கா?” என்று பொறியாளர் தம் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

“முடிஞ்சுது சார்.”

கைபேசியைப் பைக்குள் போட்டாள். சிவப்புத் தேதியைத் தொட்டு, அடுத்த திங்கட்கிழமைக்கு மாற்றினாள்.