ஈ வளர்த்த வாத்தியாரும் கமர்ஜஹானின் சோற்றுக்கடையும்

கமர்ஜஹானுக்கு மனிதர்களைப் பிடிக்காது. பிடிக்காததை மறைக்கவும் தெரியாது. கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியை நிக்காஹ் செய்துகொண்டான் என்று சேதி வந்த அன்று, ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. "பாவம், அந்தப் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு இடியாப்ப மாவு பிசையப் போய்விட்டாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் சுவரை ஒட்டிக் கூரை இறக்கி அவள் சோற்றுக்கடை வைத்திருந்தாள். காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும், மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி. தோல் ஷாப் ஆட்கள் அவள் வசவையும் சேர்த்துத்தான் சாப்பிட்டார்கள். கறி வெந்தது போதாது என்று எவனாவது முனகினால், "ஒம் பொண்டாட்டி வச்சத எடுத்துட்டு வா, ஒப்பிட்டுப் பாப்போம்" என்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.

கடை அவளுடையது, இடம் ஜெகபர் அலியுடையது. தோல் ஷாப்பும் அவருடையதுதான். புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. ஆனால் அவள் உறவு சொல்லிக் கூப்பிட மாட்டாள். 'மொதலாளி' என்பாள், அந்தச் சொல்லை வாயில் விழுந்த கல்லைத் துப்புவதுபோலத் துப்பி. அத்தர் பூசிக்கொண்டால் தோல் நாற்றம் தன்மேல் அடிக்காது என்று நம்புகிற மனிதர் அவர்.

தோலில் சீவி எடுத்த சவ்வையும் மயிரையும் சுவருக்குப் பின்னால் மலையாகக் கொட்டிவைத்திருந்தார்கள். அதில் புழு நெளியும். புழு ஈயாகும். ஈ நேரே கமர்ஜஹானின் அண்டாவுக்கு வரும். ஜெகபர் அலி டி.டி.டி. மருந்தும் கைப்பம்பும் வாங்கி அடிக்கச் சொன்னார். முதல் வருஷம் ஈக்கள் மழையாக உதிர்ந்தன. அவர் யுத்தம் ஜெயித்த தளபதி மாதிரி தெருவில் நடந்தார். மூன்றாம் வருஷம் அதே ஈக்கள் அதே மருந்தில் குளித்துவிட்டு, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு பறந்தன. அவர் மருந்தை இரட்டிப்பாக்கினார்.

"குப்பைய அள்ளச் சொல்லுங்க மொதலாளி. ஈ தன்னால போகும்."

"மருந்து அடிக்கிறோம்ல? ஒனக்கு அடுப்பு தெரியும், அதப் பாரு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சூசைராஜ் வந்தான். கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர்; ஈயைப் பற்றி ஆராய்கிறவன். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி, மழை இல்லாத ஊரில் கையில் குடை. முதல் நாளே, "அக்கா, ஒரு கரண்டி குடுங்க" என்று கேட்டான். பசியாக்கும் என்று கொடுத்தாள். அவன் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டைக் கிளறினான். கரண்டி தெருவுக்குப் பறந்தது. அவன் தப்பியது குடையால்.

மறுநாளும் வந்தான். உள்ளங்கையில் செந்நெல் மணி மாதிரி சில கூடுகள். ஈயாவதற்கு முன் புழு அதற்குள் அடங்கிக் கிடக்கும் என்றான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டில் சிறு துளை விழுந்து, எறும்பிலும் சின்னதாக ஒரு கருங்குளவி வெளியே வந்தது.

"ஈ வரவேண்டிய கூட்டுல குளவி வருது பாருங்க. தாய்க்குளவி கூட்டத் தொளச்சு முட்டை வச்சிருக்கு. குஞ்சு உள்ள இருந்த ஈயத் தின்னுருச்சு. மனுசர இது கொட்டாது. நெறைய வளத்து விட்டா ஈ கொறையும் அக்கா. பின்னால பான வைக்க எடம் வேணும்."

"குளவிக்குத் தீனி?"

"ஈக்கூடுதான். அதுக்கு ஈயும் வளக்கணும்."

கமர்ஜஹான் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஊரே ஈயக் கொல்லுது. நீரு வளக்குறீரு. ஒம்மப் படிக்க வச்ச காசுக்கு எரும வாங்கியிருந்தா பாலாச்சும் கறக்கும்."

விறகுக் கட்டுக்குப் பின்னால் அப்போது ஏதோ அசைந்தது. பச்சைக் குளவி ஒன்று, தன்னைவிடப் பெரிய கரப்பானை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கரப்பானுக்கு உயிர் இருந்தது, கால் இருந்தது, ஓடத்தான் தோன்றவில்லை. கொட்டி அதன் புத்தியை மழுக்கிவிடும், பொந்துக்குள் கொண்டுபோய் அதன்மேல் முட்டையிடும், பிறக்கும் குஞ்சு அதைத் தின்றே வளரும் என்று சூசைராஜ் விளக்கினான்.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "எம் புருசனும் இப்படித்தான் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

பானை வைக்க இடம் கொடுத்தாள். அவன்மேல் நம்பிக்கை வந்து கொடுக்கவில்லை. ஜெகபர் அலியின் பம்பைப் பார்க்க அவளுக்கு இவனைவிட எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும் என்று அவன் சொன்னதும் தோல் ஷாப்புக்கே போனாள். "மருந்து வாசம் பிரியாணியில ஏறுது. ஒங்க ஆளுக மத்தியானம் வேற தெருவுக்குச் சாப்புடப் போறேங்கிறாக. நடந்து திரும்ப எம்புட்டு நேரமாகும்னு பாத்துக்கங்க." பம்பு மூலைக்குப் போனது.

பானைகளின் வாயில் மல்லுத்துணி கட்டி, சூசைராஜ் மாதக்கணக்கில் குளவி வளர்த்தான். வளர்த்ததைக் குப்பைமேட்டில் திறந்துவிட்டான். பக்கத்து ஊரான அகரத்து விவசாயிகளைக் கெஞ்சி, எருவுக்கென்று மேட்டில் பாதியை வண்டியில் ஏற்றிவிட்டான். ஈச்சட்டி, ஈச்சட்டி என்று கமர்ஜஹான் அந்தப் பானைகளைத் தினமும் வைதாள். தை பிறந்தபோது, அண்டாவுக்கு மேல் விசிறிக்கொண்டே இருந்த அவள் கை சும்மா இருந்தது.

"கொறஞ்சிருக்கா அக்கா?"

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. தெரியல."

அன்று அவன் தட்டில் நல்லி எலும்பு ஒன்று கூடுதலாக விழுந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிடுங்கியிருப்பாள்.

மாசியில் மெட்ராஸ் தோல் வியாபாரி ஒருவர் சரக்குப் பார்க்க வருவதாக இருந்தது. ஒரு ஈகூட அவர் கண்ணில் படக்கூடாது என்று ஜெகபர் அலி பம்பை மறுபடி எடுத்து, முன்னைவிட மும்மடங்கு மருந்து அடிக்கச் சொன்னார். குப்பைமேடு, சுவர், கடைக்கூரை என்று எல்லா இடத்திலும் அடித்தார்கள். பானைகளின் மல்லுத்துணி மேலும் அடித்தார்கள். சூசைராஜ் வந்து துணியை விலக்கிப் பார்த்தான். உள்ளே கருப்புத் தூள் மாதிரிக் கிடந்தது.

"போயி மொதலாளியக் கேளும்யா!" என்று அவனைத் தள்ளிவிட்டாள். போனான். போன வேகத்தில் திரும்பினான். "தெரியாமச் செஞ்சுட்டாங்களாம் அக்கா. நாந்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு வருத்தம் தெரிவிச்சேன்."

"நீரு தெரிவிச்சீரு! வருத்தத்த!"

அந்த நிமிஷம் அவளுக்கு ஜெகபர் அலியைவிட அவன்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் வியாபாரியைச் சாப்பிடக் கூட்டிவந்தார் ஜெகபர் அலி. இலையில் பிரியாணி வைத்தாள். கூரையில் மருந்து மயக்கத்தில் தொங்கிய ஈக்கள் ஒவ்வொன்றாக இலையில் விழுந்தன. வியாபாரி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, இதான் ஒஞ் சுத்தமா?" என்று கத்தினார் ஜெகபர் அலி.

"ஒங்க குப்பையில பொறந்து, ஒங்க மருந்துல செத்த ஈ மொதலாளி. சோறு மட்டுந்தான் என்னோடது."

அடுத்த வாரமே இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. கூரையைத் தானே பிரித்து வண்டியில் ஏற்றி, மதுரை ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டாள். சூசைராஜ் பாளையங்கோட்டைப் பக்கம் வேலை மாற்றலாகிப் போகிறேன் என்று சொல்ல வந்தான். கண் கலங்கியிருந்தது.

"குளவிக்கு இருந்த வேகம் ஒமக்கு இல்லாமப் போச்சே வாத்தியாரே" என்றாள். இட்ட சோற்றுக்குக் காசு வாங்கவில்லை.

பேகம்பூரில் குளவி அநேகமாகச் செத்துப்போன குப்பையில் ஈ பழையபடி மொய்த்தது; பழையதைவிடக் கூடுதலாகவே மொய்த்தது. தோல் ஷாப் ஆட்கள் வெயிலில் மதுரை ரோடு வரை நடந்து வந்து அவளிடமே வசவு வாங்கிச் சாப்பிட்டார்கள். சில வருஷம் கழித்து ஜெகபர் அலியின் ஜட்கா வண்டி அங்கே வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. பொட்டலம் வாங்க ஆளை அனுப்பினார்.

"பொட்டலம் கெடையாதுன்னு சொல்லு. பசிச்சா வந்து உக்காரட்டும்."

வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, தன்னிடம் கூலி வாங்குகிறவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்த வாத்தியார் இப்ப எங்க இருக்கான்? ஈ தாங்க முடியல கமரு."

"வாத்தியார் எதுக்கு? மருந்தத் தொடாதீக. குப்பையப் பாதிப் பாதியா அள்ளுங்க. மீதியில தப்பிக் கெடக்குற குளவி தானே பெருகும்."

கேட்டாரோ, மருந்து விலை ஏறியதால் விட்டாரோ தெரியாது. அந்த வருஷம் பம்பு வெளியே வரவில்லை, வண்டிகள் மட்டும் வந்தன. ஈ கண்கூடாகக் குறைந்தது. குப்பையை அள்ளுவதும் குளவியை வைத்து ஈயை ஒழிப்பதும் தன் யோசனைதான் என்று ஜெகபர் அலி பள்ளிவாசல் வாசலில் எல்லோருக்கும் சொன்னார். சாப்பிட வந்த ஒருவர் அதைக் கமர்ஜஹானிடம் வந்து சொன்னபோது அவள் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிக்கிறட்டும். அந்த மண்டைக்குள்ள இம்புட்டாச்சும் ஏறுச்சே" என்று சொல்லிவிட்டு, அடுத்த எலும்பை எடுத்தாள்.