பிரேமலா எழுதிய 'துஜுவான்'

பிரேமலாவின் வேலை, கிளம்புகிற ஒவ்வொரு பெட்டியையும் 'எங்கே போகிறாய்' என்று கேட்பது. நம்மவர்களில் இப்படி ஒரு வேலைக்கு ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். வாசல் தாண்டுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் காரியம் விளங்காது. வேண்டுமானால் 'தூரமா?' என்று கேட்கலாம். அவள் வீட்டிலும் இதே சட்டம்தான். கணவர் லெட்சுமணன் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிறார். ஒரே ஒரு நாள் வாய்தவறி எங்கே என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு எல்லைப் பாலத்தில் ஐந்து மணி நேரம் ஜாம். கேட்காத நாள்களில் நான்கு மணி நேரம் ஜாம் என்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜொகூரில், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் எங்கள் தொழிற்சாலை. உள்ளங்கையில் அடங்கும் மோட்டார்கள் செய்கிறோம். நான் ஐயாசாமி, கியூசி. மோட்டார் சுற்றுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பக்கத்து மேசை பிரேமலா, ஷிப்பிங். அது எங்கே போகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் சுங்கத்திலிருந்து அவளுடைய தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் கல்யாண வீட்டிலும் சொல்வாள், சாவு வீட்டிலும் சொல்வாள்.

எங்கள் நாடு இஸ்ரேலுக்கு எதையும் அனுப்ப விடுவதில்லை. பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது, அந்த ஒரு நாட்டுக்குச் செல்லாது என்று. ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவும் அந்த வரியில் இருந்தது. வெள்ளைக்காரர்களின் நிறவெறி ஆட்சி போன பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். காஸாவில் போர் தொடங்கியதும் தொழிற்சாலையில் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. மேனேஜர் காளிதாஸ் காரில் பாலஸ்தீனக் கொடி ஒட்டினார். கேன்டீனில் இரண்டு வகை சோடாவைப் புறக்கணிப்பு என்று நிறுத்தினார். நான் பர்கரை விட்டேன். கொழுப்பும் குறைந்தது என்று டாக்டர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சைப்ரஸ் ஆர்டர் வந்தது. சிங்கப்பூர் ஏஜென்ட் ஒருவர் மூலமாக, தடவைக்கு இரண்டாயிரம் மோட்டார். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு என்றார்கள். ஆயுதத்துக்குப் போகாது, இன்ன வேலைக்குத்தான் என்று வாங்குகிறவர் எங்கள் கம்பெனி பாரத்தில், அதாவது படிவத்தில், எழுதித் தர வேண்டும். 'விவசாயம்' என்று எழுதி வரும். பிரேமலா கையெழுத்துப் போடுவாள். நானும் போடுவேன். இரண்டு வருஷத்தில் பதினொரு தடவை போட்டோம்.

பதினொன்றாவது போன அன்று, சாப்பாட்டு நேரத்தில் அவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, சைப்ரஸ் எவ்ளோ பெருசு?"

போனில் பார்த்தேன். "ஜொகூர்ல பாதி."

"எங்கப்பா பெக்கான் நானாஸ்ல அன்னாசிக்கு மருந்து அடிச்சவரு. ஒரு முதுகு பம்ப்பு, ஒரு ஆளு, அவ்ளோ பெரிய காடு. இங்க இருபத்திரண்டாயிரம் மோட்டார் போயிருக்கு. ஒரு ட்ரோனுக்கு நாலுன்னா அஞ்சாயிரத்து ஐந்நூறு ட்ரோன். அப்படி என்னண்ணே பூச்சி அங்க?"

"உனக்கு ஏன் லா அது? சாப்பிடு," என்றேன். அவளும் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் காளிதாஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு யோசனை தோன்றினால் வேலை பிரேமலாவுக்கு. அதிகாரிகள் மலாய் பாரத்தைப் பார்த்தால் மனம் குளிர்வார்கள், ஆங்கிலப் பாரத்தைத் தூக்கிப் போடு என்றார். பிரேமலா உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். 'கடைசியில் எதற்குப் பயன்படும்' என்ற கேள்விக்கு 'துஜுவான் அக்கீர்' என்று போட்டாள். துஜுவான் என்றால் நோக்கம், அக்கீர் என்றால் கடைசி. மலாய்ப் பள்ளியில் படித்தவள், கட்டுரைக்குப் பரிசெல்லாம் வாங்கியவள். அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேரும் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இடத்துக்குத்தான் மேலே தனிக் கட்டம் இருக்கிறதே, யார் குழம்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாவது பெட்டிக்குப் பாரம் நிரம்பி வந்தது. இறக்கும் துறைமுகம், லிமாசோல், சைப்ரஸ். துஜுவான் அக்கீர், ஹைஃபா.

பிரேமலா அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தரம் படித்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். ஹைஃபா இஸ்ரேல் துறைமுகம் என்று எனக்குத் தெரியும். பர்கரை விட்ட நாளிலிருந்து தினமும் செய்தி பார்க்கிறேன்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டாள். ஏஜென்ட் ஆபீஸில் பாரம் நிரப்புவது ரூபினி என்ற பெண். இருவரும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் போனில் சொந்தக்காரர்கள் மாதிரி. பிரேமலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரூபினி, இந்தப் பெட்டி தூரமா ம்மா?"

"இல்லக்கா, லிமாசோல்ல எறக்கி வேற கப்பல். ஹைஃபா பக்கந்தான், ஒரு நாள்ல போயிடும். போட்டிருக்கேனே, பாக்கலயா? எனக்கு மலாய் வராதுக்கா, போன்ல தட்டிப் பாத்தேன். துஜுவான்னா டெஸ்டினேஷன்னு வந்துச்சு. ரெண்டு எடத்துல எதுக்குக் கேக்குறாங்கன்னு நெனச்சேன். தப்பா?"

"தப்பில்ல மா. சரியாதான் போட்டிருக்க."

"முன்னாடி போனதெல்லாம்கூட அங்கதான் கா. இங்கிலீஷ் பாரத்துல யாரும் கேக்கல, அதான் போடல."

பிரேமலா நன்றி சொல்லி வைத்தாள். பன்னிரண்டாவது பெட்டி ஸ்டோரில்தான் இருந்தது, நிறுத்திவிடலாம். பதினொன்று போய்விட்டது, அவள் கையெழுத்தோடு.

காளிதாஸ் அறைக்கு நானும் கூடப் போனேன். அவர் பாரத்தைப் பார்த்தார், பிரேமலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அலமாக், இது அந்தப் பொண்ணுக்கு மலாய் தெரியாத கேஸு. துஜுவான்னா நோக்கம் தானே? நோக்கத்துல ஊர் பேரு வந்தா அது தப்பு. தப்பைத் திருத்தறது நம்ம கடமை. விவசாயம்னு போட்டு வாங்குங்க."

"பாஸ், அது வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன் இல்ல," என்றாள் பிரேமலா.

"நாம சைப்ரஸுக்கு விக்கிறோம். சைப்ரஸ் யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும். நூத்தி நாப்பது பேரு சாப்பாடு பிரேமலா இது. உங்க பேரு பதினொரு பாரத்துல இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க. இத வெளிய சொன்னா முதல்ல மாட்டுறது யாரு?"

அவர் மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் தலைக்குப் பின்னால் 'காஸாவுக்கு நாங்கள்' என்ற சுவரொட்டி. அவரே காசு போட்டு அச்சடித்தது.

வெளியே வந்ததும் நான் பேசியதை மறைக்கப் போவதில்லை. "ஒத்த வார்த்தை தானே, மாத்திடு லா. போனது போச்சு. இனிமே அந்த ஆர்டர எடுக்க வேணாம்னு சொல்லிடலாம்," என்றேன். கியூசி ஆள் பேசுகிற பேச்சா? கெட்ட மோட்டார் ஒன்று தப்பிப் போனால் மொத்தப் பெட்டியையும் திருப்பி வரவழைக்கிறவன் நான்.

பிரேமலா கோபப்படவில்லை. "அண்ணே, நான் மட்டும் 'கெகுனாஆன்'னு போட்டிருந்தேன்னா, அதுதான் சரியான வார்த்தை, பயன்பாடுன்னு அர்த்தம், இந்தப் பொண்ணு விவசாயம்னு எழுதியிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். பன்னெண்டாவதும் போயிருக்கும். நல்லா மலாய் எழுதியிருந்தா தெரியாமலே போயிருக்கும்."

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. எனக்கு அவள் மேல் பரிதாபமும் என் மேல் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

அன்று மாலையே வர்த்தக அமைச்சுக்கு மலாயில் கடிதம் எழுதினாள். பெட்டி எண், தேதி, கப்பல், பன்னிரண்டும் வரிசையாக. கீழே ஒரு வரி: 'முதல் பதினொன்றிலும் கையெழுத்திட்டது நான்.' பிழை இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. ரூபினிக்கும் போன் செய்து, என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுததாம்.

மறுநாள் பிரேமலாவைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். கம்பெனியில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. பாதிப் பேர் அவள் எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டாள் என்றார்கள். மீதிப் பேர் அதையே மெதுவாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது பெட்டி ஸ்டோரில் கிடந்தது. காளிதாஸ் கார்க் கொடி அங்கேயே இருந்தது, கொஞ்சம் வெளுத்துப்போய்.

மூன்று வாரம் கழித்து அமைச்சிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய பாரங்களின் நகலை வாங்க ஆபீஸுக்கு வந்தாள். லெட்சுமணன் அன்றைக்கு லாரியை நிறுத்திவிட்டுக் காரோடு கேட்டருகே நின்றார். பதினொரு நகலையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கையெழுத்து, மேலே அவளுடையது, கீழே என்னுடையது. அவள் அதைப் பார்த்தாள். நகல்களை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

கேட் வரைக்கும் கூட நடந்தேன். பழக்கதோஷத்தில், "தூரமா?" என்றேன்.

பிரேமலா நின்றாள். "எங்கன்னே கேளுங்கண்ணே."

"வேணாம் லா. போற காரியம்..."

"இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டேன். ஒழுங்கா கேக்கல. நீங்களாவது கேளுங்க."

கேட்டேன். "எங்க போற, பிரேமலா?"

"புத்ராஜெயாவுல அமைச்சுக்கு. பதினொரு பெட்டி எங்க போச்சுன்னு சொல்ல."

கார் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும் வரை நின்றேன். அந்தப் பதினொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.