சத்தம் கூடின ஃபில்டர்

சாவகச்சேரியில் என் உதிரிப்பாகக் கடைக்கு அந்தப் பெரியவர் ஒருமுறைதான் வந்தார். நரைத்த மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட சேர்ட். பேச்சுக்கு நடுவே கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். டர்போ காருக்குக் காற்று ஃபில்டர் வேண்டுமாம். மூடிய பெட்டிக்குள் பொருத்தியது, மூடியில்லாமல் திறந்தது என இரண்டு வகையை எடுத்து வைத்தேன்.

“பெட்டியோடை வாறதை எடுங்கோ ஐயா. திறந்தது எஞ்சின் சூட்டை இழுக்கும், காரின்ரை இழுவை குறையும்.”

“எதிலை சத்தம் கூட?”

“திறந்ததிலைதான்.”

“அப்ப அதைத் தாங்கோ. எனக்குக் கார் ஓடத் தெரியாது தம்பி. அது கனடாவிலை இருக்கிற மகன் இஞ்சை விட்டிட்டுப் போனது. ஞாயிறிலை போன் எடுப்பான். காரை ஸ்டார்ட் பண்ணி, போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிப்பன். சத்தத்தைக் கேட்டிட்டு வைச்சிடுவான். சத்தம் நல்லாயிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் லைனிலை நிப்பான்தானே?”

நான் திறந்ததையே எடுத்துக் கொடுத்தேன்.

கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அவரை நினைத்துக்கொள்கிறேன். மகன் எவ்வளவு நேரம் கேட்கிறானோ?